கடலில்லா நாடும் குடியேற்ற மனப்பான்மையும்

சுவிட்சர்லாந்தின் பெருநகரமாகிய சூரிச்சில், ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டிய பகுதியில், பரந்த பூங்கா ஒன்றின் நடுவே வண்ண வேலைப்பாடு மிகுந்த மாளிகை ஒன்று நிற்கிறது. 1883-இல் தொடங்கி 1885-இல் கட்டி முடிக்கப்பட்டது. செருமன் மொழி வழங்கும் அந்நகரில் அம்மாளிகைக்கு இடப்பட்ட பெயரோ 'பத்தும்பா' என்பது. அது செருமன் சொல்லன்று, பிரெஞ்சுச் சொல்லுமன்று. மலாக்கா நீரிணையின் மறுகரையில், சுமத்திராத் தீவின் தெலி வட்டாரத்தில், மேடான் நகருக்கு அருகிலுள்ள ஓரிடத்தின் பெயர் அது. மாளிகையைக் கட்டிய கார்ல் குரோப் என்பார் அங்கே புகையிலைத் தோட்டம் வைத்துப் பெரும்பொருள் ஈட்டித் தாயகம் திரும்பியவர்.

மாளிகை எழும்பிய அதே காலத்தில், 1884-இல், மேடான் நகரில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் தோன்றியது. தெலி நாட்டுக்குப் பிழைப்புத் தேடிப் போன தமிழர் எழுப்பிய கோயில் அது. ஒரே வட்டாரத்தின் புகையிலைப் பொருளாதாரம் இவ்விரு கட்டடங்களுக்கும் பின்னே நிற்கிறது. ஒன்று உழைக்கப் போனவர் கும்பிட்ட இடம். மற்றொன்று ஊதியம் கொண்டு வந்தவர் குடியிருந்த இடம்.

இங்கே ஒரு வினா எழும். சுமத்திராவை ஆண்டவர் ஒல்லாந்தர். மலாயாவை ஆண்டவர் ஆங்கிலேயர். சுவிட்சர்லாந்துக்கோ கடற்கரையே இல்லை, போர்க்கப்பல் இல்லை, ஆளுநரை அனுப்பி ஆண்ட குடியேற்ற நாடு ஒன்றேனும் எக்காலத்தும் இருந்ததில்லை. அவ்வாறாயின், குடியேற்ற வரலாற்றில் அந்நாட்டுக்கு என்ன இடம்? 'எங்களுக்கு அதில் பங்கில்லை' என்பதே அந்நாட்டார் நெடுங்காலம் கூறிவந்த விடை. 2001-இல் டர்பன் நகரில் ஐக்கிய நாடுகள் அமைப்பு கூட்டிய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சுவிசுப் பேராளர் கூறியது இதுவே. 2017-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்குச் சென்றபோதும் இதே கருத்தைக் கூறினார். அடிமைக் கப்பல்கள் இலட்சக்கணக்கான மக்களை ஏற்றிச் சென்ற கரை பெனின் நாட்டுக் கரை என்பதை எண்ணும்போது, அக்கூற்று அங்கே கூறப்பட்டது வியப்பையே தருகிறது.

அவ்விடையை முழுப் பொய்யென்று தள்ளிவிடவும் இயலாது. அரசு என்ற அளவில் அது மெய்யே. ஆயினும் குடியேற்றம் என்பது கொடி நாட்டுவது மட்டுந்தானா என்பது ஆராயத்தக்கது. கொடி நாட்டியவன் வரி வாங்குகிறான்; படை நடத்துகிறான்; ஒருநாள் பழியையும் ஏற்கிறான். கொடி நாட்டாதவன் அவன் நிழலில் சரக்கு விற்கலாம், வட்டி வாங்கலாம், தோட்டம் வைக்கலாம். பழி மட்டும் அடுத்தவன் கணக்கில் எழுதப்படும். சுவிட்சர்லாந்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

கதையின் தொடக்கம் சோழமண்டலக் கரையில் இருக்கிறது. அக்கரையின் சாயக்காரர் படிகாரமும் சாயவேரும் கொண்டு பருத்தித் துணியில் எழுதிய வண்ணம் எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. இந்தச் சீட்டித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை மயக்கின. தன் நாட்டுப் பட்டும் கம்பளியும் விலைபோகாமற் போகும் என்று அஞ்சிய பிரான்சு, 1686-இல் அத்துணிகளை இறக்குமதி செய்வதையும் உள்நாட்டில் அச்சிடுவதையும் ஒருங்கே தடுத்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் அந்நாட்டுச் சீர்திருத்தக் கிறித்தவர்கள் சமய உரிமை இழந்து வெளியேறத் தொடங்கியிருந்தனர். அவர்களுள் பலர் ஜினீவாவிலும் நியூசாத்தெல்லிலும் தஞ்சம் புகுந்து, தாயகத்தில் தடுக்கப்பட்ட தொழிலை அங்கே நடத்தினர். (நியூசாத்தெல் அப்போது சுவிசுக் கூட்டணியின் நட்பு நாடேயன்றி உறுப்பு நாடன்று; 1815 அளவில்தான் முழு உறுப்பாயிற்று.) 1752-இல் கொர்த்தையோ என்னும் சிற்றூரில் நிறுவப்பட்ட அச்சுத் துணிச்சாலை பின்னர் ஐரோப்பாவின் பெரிய ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. அத்துணிக்கு வழங்கிய பெயர் 'எந்தியேன்', அதாவது இந்தியத் துணி. தொழில் கைமாறிய பிறகும் பெயர் மட்டும் பிறந்த மண்ணை மறக்கவில்லை.

அத்துணிகள் யாவும் சுவிசுப் பெண்டிரின் உடையாகிவிடவில்லை. பெரும்பகுதி பிரான்சின் நாந்து துறைமுகத்துக்குச் சென்றது. ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கக் கப்பலில் ஏற்றிய பண்டங்களுள் துணியே முதன்மையானது. அத்துணிகளுள் 'எந்தியேன்' பெரிதும் விரும்பப்பட்டது. 1759-இல் தடை நீங்கியபின், நியூசாத்தெல்லின் பெத்திப்பியர் குடும்பத்தார் நாந்து நகருக்கே சென்று ஆலை வைத்தனர். பாசல் நகரின் புர்க்கார்டு குடும்பத்தார் துணி அனுப்பியதோடு நில்லாமல் அடிமைக் கப்பல்களிலேயே பங்கு முதல் போட்டனர். கடலைக் காணாமலேயே வாழ்ந்து முடிந்த ஒரு சுவிசு முதலாளியின் கணக்கேட்டில், ஆப்பிரிக்க மனிதன் ஒருவனின் விலை இவ்வாறு துணிக்கெசமாக இடம்பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. அதுவரை தனித்தனி நாடுகளின் கூட்டணியாக இருந்த சுவிட்சர்லாந்து, 1847-இல் ஓர் உள்நாட்டுப் போரைக் கண்டு, 1848-இல் கூட்டரசாயிற்று. அந்நாடு அன்று செல்வ நாடன்று. பஞ்சத்தாலும் வேலையின்மையாலும் வாடிய உழவரை ஊராட்சிகளே கடன் கொடுத்துக் கப்பலேற்றின. ஏழைகளைச் சோறிட்டுக் காப்பதைவிட அனுப்பிவிடுவது செலவு குறைந்தது என்பதே ஊராட்சிகளின் கணக்கு. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ மாநிலத்தில் வெர்கெய்ரோ என்னும் பெருநிலக்கிழாரின் இபிக்காபா காப்பித் தோட்டத்துக்கு இவ்வாறு பல குடும்பங்கள் சென்றன. கப்பற் கூலி கடன், உணவு கடன், வட்டி வேறு. காப்பி பறித்துக் கடனடைக்கும் வரை தோட்டத்தை விட்டுப் போகலாகாது. கங்காணியின் முன்பணத்தோடு இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு இது புதிய கதையன்று.

1855-இல் அங்குச் சென்ற தாமசு தவாத்சு என்பவர் ஊர்ப் பள்ளியாசிரியர். படித்தவரென்பதால் கணக்குப் புத்தகத்தின் சூழ்ச்சி அவருக்குப் புரிந்தது. அளவையிலும் நாணய மாற்றிலும் நடந்த குறைகளை எழுதித் திரட்டி, 1856 டிசம்பரில் குடியேறிகளின் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். மறு ஆண்டில் நாடு திரும்பி 1858-இல் நூலும் எழுதினார். அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியை அடக்க இயலாத சுவிசு அரசு, சூடி என்னும் இயற்கை நூலறிஞரை 1860-இல் தனித் தூதராகப் பிரேசிலுக்கு அனுப்பியது. சுவிசு ஏழைகள் படும் துன்பத்தை ஆராய்வது அவர் வேலை. ஆராயப் போன இடத்தில் மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது: பிரேசிலில் வாழ்ந்த சுவிசு மக்களுள் வசதியுற்றோர் பலர் தாமே ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தனர்.

சாப்கவுசன் நகரைச் சேர்ந்த மருத்துவரும் மக்களவை உறுப்பினருமான வில்லெல்ம் யோசு இதைக் கேட்டு வாளாவிருக்கவில்லை. அடிமை வைத்திருக்கும் சுவிசுக் குடிமக்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமென்று அவர் மன்றத்தில் கோரினார். 1864-இல் கூட்டரசின் அமைச்சரவை தந்த விடை, குடியேற்ற மனப்பான்மை என்பது இன்னதென்று அறிய விரும்புவோர் ஊன்றிப் படிக்கத் தக்கது. அடிமை வைத்திருத்தல் குற்றத்தன்மை உடைய செயலன்று என்றது அமைச்சரவை. அவ்வாறு வைத்திருப்போர் வணிகரும் கைவினைஞருமாகிய நன்மக்கள். அவ்வடிமைகள் அந்நாட்டுச் சட்டப்படி விலை கொடுத்துப் பெற்ற உடைமை. அவ்வுடைமையைத் துறக்கச் செய்வது அவர்களுக்கு அநீதி இழைப்பதாகும் என்பது அதன் கருத்து. அநீதி என்னும் சொல் அங்கே உடையவனுக்காகவே எழுந்தது. உடைமையாக்கப்பட்டவனை அது எண்ணிப் பார்க்கவும் இல்லை.

காலத்தை நோக்கினால் இது இன்னும் வியப்புக்குரியதாகும். அதே 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் ஜினீவா நகரில் போர்க்களத்தில் காயமுற்றோரைக் காக்கும் முதல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. செஞ்சிலுவையின் பிறப்பிடம் என்று உலகம் சுவிட்சர்லாந்தைப் போற்றத் தொடங்கிய ஆண்டு அது. பேரரசு படைத்த இங்கிலாந்து, தன் குடிமக்கள் வெளிநாட்டிலும் அடிமை வாங்கி விற்பதை 1843-இலேயே தடுத்திருந்தது. பிரான்சு 1848-இல் தடுத்தது. நடைமுறையில் அதைப் பலமுறை தளர்த்திற்று என்பது வேறு. ஒல்லாந்து 1863-இல் தன் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. குடியேற்ற நாடுடைய அரசுகள் தம் பழியைக் கண்டு அரைமனத்தோடேனும் சட்டம் இயற்றின. குடியேற்ற நாடு இல்லாத அரசுக்கோ அந்த நெருக்கடியும் இல்லை. பழி தன்னைச் சாராதென்று நம்பியதால் தன் மக்களைத் தடுக்கும் தேவையும் தோன்றவில்லை. காயமுற்ற ஐரோப்பியப் போர்வீரனிடம் கனிந்த அதே நெஞ்சம், பிரேசிலின் ஆப்பிரிக்கனிடம் கனியாமற் போனதற்கு வேறு விளக்கம் தேடுவது அரிது. பிரேசில் நாடே 1888-இல் அடிமைகளை விடுவித்தபோதுதான் இச்சிக்கல் தானாக ஒழிந்தது.

மீண்டும் நீரிணைப் பக்கம் வருவோமாயின், சுவிசு வணிகர் அங்கே புதியவரல்லர். சிங்கப்பூரில் 1871-லேயே அவர்கள் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றை அமைத்திருந்தனர். ஒல்லாந்தர் வாணிக நிலையத்தில் பணியாற்ற வந்த டீட்டெல்ம் என்பார் 1887-இல் தம் பெயரால் நிறுவிய நிறுவனம் பின்னர்க் கீழை நாடுகளெங்கும் கிளை பரப்பியது. தெலி வட்டாரத்திலோ, 1863-இல் ஒல்லாந்தரான நியன்கூயிசு புகையிலை பயிரிட்டு வெற்றி கண்டபின், செருமானியரோடும் ஆங்கிலேயரோடும் சுவிசு இளைஞரும் விரைந்து வந்தனர். 1869 அளவில் வந்த குரோப் பத்தாண்டுகளில் செல்வரானார். ஒல்லாந்து அரசு அவரை அயலாரென்று ஒதுக்கவில்லை. வெள்ளையர் என்னும் ஒரே தகுதி அங்கே கடவுச்சீட்டாக இருந்தது.

தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் பினாங்கு, சிங்கப்பூர் வழியாகக் கொணரப்பட்ட சீனர், பின்னர் சாவகத்தார், தமிழரும் சிறு தொகையினராய் வண்டியோட்டவும் சாலையிடவும் சென்றனர். 1880-இல் ஒல்லாந்தர் இயற்றிய கூலிச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றம். கடனாளி உழவனைத் தோட்டத்தில் கட்டிவைத்த இபிக்காபாவின் கொடுமை கேட்டுச் சுவிசு நாடு கொதித்தெழுந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. ஆனால் தெலித் தோட்டங்களில் சுவிசு முதலாளிகள் அதனினும் கடுமையான சட்டத்தின் பயனை நுகர்ந்தபோது அத்தகைய கொதிப்பு எதுவும் எழக் காணோம். தன் இனத்தான் கட்டுண்டால் கொடுமை. பிறன் கட்டுண்டால் அது ஏற்பாடு.

வாணிகம் இவ்வாறாக, அறிவுலகமும் பின்தங்கவில்லை. பாசல் நகரின் பழங்குடிச் செல்வர்களான பால் சராசின், பிரிட்ஸ் சராசின் என்னும் உறவினர் இருவரும் 1883 முதல் 1886 வரை இலங்கையில் தங்கி இயற்கை ஆராய்ச்சி செய்தனர். விலங்குகளை ஆராய வந்தவர்கள் விரைவில் வேடர்களை ஆராயத் தொடங்கினர். மனிதகுலத்தின் மிகப் பழைய படிநிலையில் வேடர் நிற்கின்றனர் என்று நிறுவ விரும்பி, அவர்களைப் படம் பிடித்தனர், உடலளவு எடுத்தனர், இறந்தோரின் மண்டையோடுகளையும் எலும்புக்கூடுகளையும் திரட்டிப் பாசலுக்குக் கொண்டு சென்றனர். அவர்கள் நூலில் வேடரைச் சூழ்ந்து வாழும் தமிழரும் சிங்களரும் இதே அளவுகோலால் அளக்கப்பட்டுள்ளனர். இலங்கையில் ஆட்சி ஆங்கிலேயருடையது. மறுமுறை அவ்விருவரும் செலிபிசுத் தீவுக்குச் சென்றபோது அங்கே ஒல்லாந்தர் அரசின் உதவி கிடைத்தது. எந்தப் பேரரசின் வாயிலும் அவர்களுக்கு அடைக்கப்படவில்லை. எந்தப் பேரரசுக்கும் உரியரல்லர் ஆதலின், தம் ஆய்வு அரசியல் கலவாத தூய அறிவு என்று அவர்கள் கருதுவதும் எளிதாயிற்று. இதே பால் சராசின்தான் சுவிட்சர்லாந்தின் இயற்கைக் காப்புக்கு உழைத்து, 1914-இல் அந்நாட்டுத் தேசியப் பூங்கா தோன்றக் காரணமானவர்களுள் முதல்வர் என்பதையும் கூறுவதே முறை.

கடல் கடந்து செல்ல இயலாத பொதுமக்களுக்குக் கடல் கடந்த மனிதரே கொண்டுவந்து காட்டப்பட்டனர். தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து 1881-இல் கவர்ந்து செல்லப்பட்ட கவேசுக்கார் மக்கள் பதினொருவர், ஐரோப்பிய நகரங்களில் வேடிக்கைப் பொருளாகச் சுற்றிக் காட்டப்பட்டு, 1882-இல் சூரிச்சை அடைந்தனர். நோயும் குளிரும் அவர்களைத் தின்றன. ஐவரின் எலும்புகள் சூரிச்சுப் பல்கலைக்கழகத்தில் நூறாண்டுக்கு மேல் கிடந்தன. பாசல் விலங்குக் காட்சிச்சாலையிலும் இத்தகைய மனிதக் காட்சிகள் 1879 முதல் 1935 வரை நடந்தன. 1885-இல் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட சிங்களரும் யானைகளும் அங்கே காட்டப்பட்டனர். விலங்குக் காட்சிச்சாலை என்பதே அவர்கள் எவ்விடத்தில் வைத்து எண்ணப்பட்டனர் என்பதைக் காட்டும்.

1896-இல் ஜினீவாவில் நடந்த தேசியப் பொருட்காட்சி இவை எல்லாவற்றினும் கருதத்தக்கது. அங்கே 'சுவிசுச் சிற்றூர்' ஒன்று அமைக்கப்பட்டது. செயற்கை மலை, அருவி, மரவீடுகள், பழைய உடையணிந்த உழவர், பாலாடைக்கட்டி செய்வோர் என ஒரு கனவூர் அது. அதே பொருட்காட்சியில் 'கறுப்பர் சிற்றூர்' ஒன்றும் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட 200-க்கு மேற்பட்ட ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் அங்கே பல மாதங்கள் வாழ்ந்து காட்ட வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே காட்சியில் இடம்பெற்றது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. செருமன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்சு என நான்கு மொழி. கத்தோலிக்கர், சீர்திருத்தக் கிறித்தவர் என இரு சமயப் பிரிவு. அரை நூற்றாண்டுக்கு முன் தமக்குள் போரிட்ட மக்கள். இவர்களை 'நாம்' என்று ஒருங்கே உணரச் செய்வது எளிதன்று. எதிரே 'அவர்கள்' என்று சுட்ட ஒரு கூட்டம் இருந்தால் அது எளிதாகும். குடியேற்ற நாடு இல்லாத மக்களுக்கும் குடியேற்ற மனப்பான்மை ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு, பஞ்சு விலையையும் புகையிலை ஊதியத்தையும் காட்டிலும் இக்காட்சி தெளிவான விடை தருகிறது. ஆளுகிற நாட்டாருக்கு அது ஆட்சிக்குத் துணையாயிற்று. ஆளாத நாட்டாருக்கு அது தம்மைத் தாம் ஐரோப்பியர் என்றும் ஒரே நாட்டினர் என்றும் உணர உதவியது.

எல்லாரும் ஒரே மனத்தினர் என்று எழுதுவதும் பிழையாகும். யோசு தம் கோரிக்கையில் தோற்றாலும் 1900 வரை மன்றத்தில் பணியாற்றினார். ஜினீவாவின் ரெனே கிளாபரேது, காங்கோ மக்கள் பட்ட கொடுமையைக் கேட்டு 1908-இல் நாட்டு மக்களைக் காக்கும் கழகம் ஒன்றை நிறுவினார். பாசல் மிஷன் 1834 முதல் மங்களூரிலும் மலையாள நாட்டிலும் சமயப் பணியோடு நெசவுச் சாலையும் ஓட்டுத் தொழிற்சாலையும் நடத்தியது. அதன் ஊழியரான குண்டர்ட்டு 1872-இல் வெளியிட்ட மலையாள அகராதியை அம்மொழியறிஞர் இன்றும் போற்றுகின்றனர். அதே மிஷனின் ஞாயிற்றுப் பள்ளிகளில், காசு போட்டால் தலையசைத்து நன்றி கூறும் கறுப்புச் சிறுவன் பொம்மை வைத்த உண்டியல் பல தலைமுறைக் குழந்தைகளின் முன் வைக்கப்பட்டிருந்தது என்பதும் உண்டு. அகராதியும் உண்டியலும் ஒரே நிறுவனத்தின் இரு கைகள். எதை மறந்தாலும் கணக்கு நேராகாது.

அண்மை ஆண்டுகளில் சுவிசு வரலாற்றாசிரியர் பலர் பழைய கணக்கேடுகளைத் திறந்துள்ளனர். 2010-இல் கவேசுக்கார் ஐவரின் எலும்புகள் சிலி நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 2024-இல் சூரிச்சின் தேசிய அருங்காட்சியகமே சுவிட்சர்லாந்தின் குடியேற்றத் தொடர்புகளைப் பற்றிப் பெருங்கண்காட்சி நடத்தியது. நியூசாத்தெல் நகரில், அடிமை வாணிகத்தில் முதலிட்டுப் பெற்ற செல்வத்தை 1786-இல் நகருக்கே எழுதி வைத்து இறந்த தாவீது தெ புரி என்பாரின் சிலைமீது 2020-இல் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டது. சிலை அகற்றப்படவில்லை; அருகே வரலாற்றை விளக்கும் பலகை வைக்கப்பட்டது. அவர் செல்வத்தால் எழுந்த நகரமன்றத்தில்தான் இம்முடிவும் எடுக்கப்பட்டது.

அந்நகரப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் லூயி அகாசியின் பெயரைத் தாங்கி நின்றது. பனியூழிக் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற அவ்வறிஞர் 1846-இல் அமெரிக்கா சென்றபின், கறுப்பரும் வெள்ளையரும் வெவ்வேறு படைப்பினர் என்று கற்பித்தவர். 1850-இல் தென் கரோலினாவில் ரெண்டி என்னும் காங்கோ முதியவர் உள்ளிட்ட அடிமைகளை ஆடையின்றி நிற்கவைத்துப் படமெடுக்கச் செய்தவர். 2019-இல் அவ்வளாகத்துக்கு, கமரூன் நாட்டுத் தாய்க்குப் பிறந்து 1971-இல் சுவிசு மக்களவைக்குத் தேர்வான முதற் பெண்களுள் ஒருவரான தீலோ பிரேயின் பெயர் சூட்டப்பட்டது.

பெர்ன், வலே மாநிலங்களின் எல்லையில் 3,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த பனிச்சிகரம் ஒன்றுக்கும் அகாசியின் பெயரே உண்டு. அதனை 'ரெண்டி சிகரம்' என்று மாற்ற வேண்டுமென 2007-இல் வேண்டுகோள் எழுந்தது. அகாசியின் இனக்கொள்கையைக் கண்டித்த கூட்டரசு, பெயரை மாற்ற இசையவில்லை. சிகரத்தைச் சூழ்ந்த ஊராட்சிகளும் இசையவில்லை. நிலப்படங்களில் அது இன்றும் அகாசி சிகரமே.